தெற்கு வாசல் பக்கத்து இடம்

ஆச்சி இறந்த அன்று ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, "ஜீவிய சரித்திரம் நீ எழுதிரு, ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது" என்றார். எங்கள் பக்கத்தில் அடக்க ஆராதனையில் அதை வாசிப்பார்கள். பிறந்தது, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், பிள்ளைகள், பேரன் பேத்திகள், கர்த்தருக்குள் நித்திரையடைந்தது. நானும் அப்படித்தான் எழுதினேன். அன்பான மனைவி, பாசமுள்ள தாய், ஆலயத்தை நேசித்தவர். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் மறுநாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, இது எந்த ஆச்சிக்கும் பொருந்துமே, எங்கள் ஆச்சி எங்கே இதில் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

ஆச்சி 1929-இல் மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தாள். 1947 மே மாதம் கல்யாணம் ஆகி முதலூர் பக்கம் தேரிக்காட்டை, அதாவது செம்மணல் காட்டை, ஒட்டிய எங்கள் ஊருக்கு வந்தாள், பதினெட்டு வயசு முடியவில்லை. (நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம், இந்தப் பதிவு முழுக்க கோயில் என்றால் அதுதான்.) அவள் வந்து நாலு மாசத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானது. அதுவரை ஆங்கிலிக்கன் சபையாக இருந்த எங்கள் கோயில் சி.எஸ்.ஐ. ஆனது. பிறகு 1986-இல் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்து சிதம்பரனார் மாவட்டம் என்றார்கள், அப்புறம் அது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. 2003-இல் பிஷப்பின் ஆளுகைக்குட்பட்ட திருமண்டலமும் பிரிந்து தூத்துக்குடி–நாசரேத் என்று ஆனது. இத்தனை மாற்றத்துக்கும் ஆச்சி உட்கார்ந்த இடம் ஒன்றுதான். பெண்கள் பக்கத்தில், தெற்கு வாசலை ஒட்டி, சுவரோரம். பாய் விரித்து உட்கார்ந்த காலத்திலும் அங்கேதான், பெஞ்சு வந்த பிறகும் அங்கேதான்.

சின்ன வயசில் நான் நினைத்தது, ஆச்சி தாழ்மையாகப் பின்னாடி உட்காருகிறாள் என்று. காரணம் வேறு. அந்த வாசல் வழியாகப் பார்த்தால் எங்கள் விடிலியின் புகை தெரியும்.

விடிலி என்றால் பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசை. பாட்டையா, அதாவது எங்கள் தாத்தா, பனையேறி. சீசன் வந்துவிட்டால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மரம், காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பனைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. ஒரு நாள் ஏறிப் பாளையைச் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும், அதோடு அந்தப் பாளையின் வரும்படி போச்சு. இறக்கின பதநீரையும் வைத்திருக்க முடியாது, கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். ஆக, ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும் என்கிற கட்டளை ஒரு பக்கம், ஆறு வாயும் ஒரு அடுப்பும் இன்னொரு பக்கம்.

இதை அவர்கள் இரண்டு பேரும் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி படுத்து, மூணு மணிக்கெல்லாம் பாட்டையா பனை ஏறுகிற முருகுத்தடியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாராம். முதல் நடையில் வந்த பதநீரை ஆச்சி வடிகட்டி அடுப்பில் ஏற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் தள்ளித் தள்ளி எரித்து, நுரை பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு அடக்கி, அது கூப்பதனி பதத்துக்கு, அதாவது பாகு பதத்துக்கு, வருகிற நேரத்தில் கோயிலில் முதல் மணி அடிக்கும். அப்போது பாட்டையா துடுப்பை வாங்கிக்கொள்வார். ஆச்சி கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெள்ளைச் சேலையைக் கட்டி, பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரண்டாம் மணிக்குள் போய்ச் சேருவாள். பதம் தவறினால் பாகு கருகிவிடும், அல்லது கருப்பட்டி கட்டியாகாமல் இளகும். எத்தனையோ வருஷமாகக் காய்ச்சுகிறவர்கள் என்றாலும் அந்தக் கடைசி அரைமணி நேரத்துக்குக் கண் வேண்டும். அதனால்தான் தெற்கு வாசல். புகை குறைகிறதா, கூடுகிறதா என்று பிரசங்கத்தின் நடுவிலும் ஒரு கண் அங்கே.

சீசன் நாளில் பாட்டையா ஆராதனைக்கு வராததைப் பற்றிச் சபையில் ஒரு பேச்சு வந்ததாம். அப்போதிருந்த ஐயர் (சபையின் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். ஆச்சி சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடுகிறது: "அவுக அடுப்பப் பாக்கதாலதான ஐயா நான் கோயில்ல இருக்கேன். நான் இருந்தா ரெண்டு பேரும் இருந்த மாதிரிதான்." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்த சீசனிலும் வழக்கம்போல முதல் கொதியில் ஊற்றின கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் வைத்து முதற்பலனாகக் கோயிலில் கொண்டுபோய் வைத்தாள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சிரட்டையில் ஊற்றின அந்தக் கருப்பட்டி, கடை விலையைவிட எப்போதும் நாலு மடங்குக்குப் போகும். அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் மறைத்ததே இல்லை.

அவர்களுக்குள் பெரிய பேச்சு எதுவும் கிடையாது என்பார் அப்பா. ஆனால் ஒன்று சொல்வார். மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி உயரம். கல்யாணமான புதிதில் ஆச்சி பிறந்த வீட்டை நினைத்து அழுதுகொண்டே இருப்பாளாம். பாட்டையா பனை உச்சியில் நின்று கீழே சத்தம் கொடுப்பாராம், "ஏட்டி, ஒங்கூரு கோபுரம் தெரியி, நல்லாருக்கு." அவ்வளவுதான் செய்தி. அங்கேயிருந்து உண்மையிலேயே தெரியுமா என்று நான் ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். அப்போது அவளுக்கு எண்பது தாண்டியிருந்தது. "அவுக சொன்னா தெரியும்" என்றாள்.

1968 ஜூன் மாதம் பாட்டையா பனையிலிருந்து விழுந்தார். இடுப்பு போய்விட்டது. அதற்கு அப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. ஆச்சிக்கு முப்பத்தொன்பது வயசு. அத்தைக்குப் பத்தொன்பது, பெரியப்பாவுக்குப் பதினாறு, அப்பாவுக்குப் பதினொன்று, சித்தப்பாவுக்கு ஆறு. இவர்களுக்கு நடுவில் இரண்டு பிள்ளைகள் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. அந்த இரண்டு பேரைப் பற்றி ஆச்சி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் மற்ற எல்லாருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றி முடித்த பிறகு, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பனைமூட்டில் போய் இரண்டு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வருவாள். கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அந்தப் பனைதான் அடையாளம்.

மரங்களை வேறு ஒருவருக்குப் பாட்டத்துக்கு விட்டார்கள். ஆச்சி ஓலை முடைய ஆரம்பித்தாள். பெட்டி, கடகம், கொட்டான், பாய். பகலில் பக்கத்து விடிலிகளில் கூலிக்குக் காய்ச்சல், ராத்திரியில் ஓலை. கைப்பிடி அரிசி என்று எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போட்டு வைத்து, சேர்ந்ததைக் கோயிலில் கொடுப்பது. அந்த வருஷம் வீட்டில் அரிசியே இல்லாத நாட்கள் நிறைய. ஆச்சி அன்றைக்கு எது வேகிறதோ அதில் ஒரு கைப்பிடி போட்டாள், கம்பானால் கம்பு, கேப்பையானால் கேப்பை. எல்லாம் கலந்து கிடக்கிறது, இதை என்ன விலைக்கு விற்பது என்று கணக்கு எழுதுகிறவர் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் பானையைத் திருப்பி வாங்கி வந்து, தெரு நடையில் உட்கார்ந்து சுளகில் புடைத்து, மூன்றாகப் பிரித்து, மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவாள். கூட உட்கார்ந்து பிரித்தவள் அவள்.

அதே காலத்தில் மூன்று மாசம் சபையிலிருந்து அரிசி வந்தது. எத்தனை படி என்று ஆச்சி எழுதி வைத்திருந்தாள். 1976-இல் பெரியப்பா வேலைக்குப் போய் முதல் சம்பளம் அனுப்பியதும், அத்தனை படியையும் அளந்து திருப்பிக் கொடுத்தாள். இது வீம்பு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அடுத்து ஒரு வீட்டில் ஒருவர் விழும்போது கொடுப்பதற்குப் பானையில் இருக்க வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

ஆச்சியைப் புனிதவதி ஆக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. கோபக்காரி. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையைத் தொட்டால் விளக்குமாற்றால் அடி விழும். எங்கள் அம்மாவை முதல் நாலைந்து வருஷம் படுத்தியிருக்கிறாள், அம்மாவே சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு வருஷம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சித்தியின் முதல் பிரசவத்துக்குப் பெட்டி நிறைய கருப்பட்டியும் சுக்கும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் நாற்பது நாள் தங்கிப் பார்த்தவளும் அவள்தான். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, போய் நின்றாள்.

2020-இல் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, கோயில் பூட்டிக் கிடந்தது. தொண்ணூறு வயசில் அவள் கோயிலுக்குப் போகாத முதல் குருத்தோலை ஞாயிறு. நாங்கள் நாலு பேர் போனைச் சுற்றி உட்கார்ந்து ஆராதனை பார்த்தோம். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. முந்தின நாளே பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி வடலியில், அதாவது இளம் பனையில், குருத்து வெட்டி வாங்கி வைத்திருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து, விரல் நடுங்க நடுங்க, தெருவில் வீட்டுக்கு ஒன்றாகச் சிலுவை முடைந்தாள். பதினொரு வீடு. ஆராதனை இல்லாவிட்டாலும் அன்றைக்கு மணி அடித்தார்கள். முதல் மணிக்கு முக்காடு போட்டுக்கொண்டாள். இரண்டாம் மணிக்குக் கோயில் இருக்கிற திசைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். ஆராதனை முடிகிற நேரம் வரை அசையவில்லை.

2022 ஆகஸ்டில் போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது இரண்டு வேதாகமம் இருந்தது. ஒன்று பெரிய எழுத்து, கடைசி இருபது வருஷமாக வாசித்தது. இன்னொன்று பழசு, அட்டை போய், துணி வைத்துத் தைத்தது. பாட்டையாவுக்கு எழுத்து தெரியாது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஆச்சி ராத்திரிதோறும் ஒரு அதிகாரம் சத்தமாக வாசிப்பாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். எங்களுக்குத் தெரியாதது, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த நாலு தேதி. 1972 பிப்ரவரி, 1975 மே, 1978 ஆகஸ்ட், 1982 ஜனவரி. நான் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வேதாகமத்தில் 1189 அதிகாரம். ராத்திரிக்கு ஒன்று என்றால் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை மூணேகால் வருஷம். அப்படியானால் பகல் முழுக்க அடுப்பில் நின்று, ஓலை முடைந்து, அவரைக் குளிப்பாட்டிப் புரட்டிப் படுக்க வைத்து, அதற்கு அப்புறமும் அவள் ஏறக்குறைய ஒரு ராத்திரிகூட விடவில்லை.

ஐந்தாவது தேதி இல்லை. எரேமியா 32-ஆம் அதிகாரத்தில் ஒரு ஓலை நறுக்கு இருந்தது. பாட்டையா இறந்தது 1984 மார்ச்.

சவப்பெட்டியில் வைக்க வேதாகமம் கேட்டார்கள். பெரியப்பா பழசை எடுத்தார். அத்தை அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இது அய்யாவுக்கு அவ வாசிச்சது. அவ வாசிச்சத அவ கையில குடு" என்றாள். பெரிய எழுத்து வேதாகமம் ஆச்சியோடு போனது. மற்றது அத்தை வீட்டுப் பீரோவில் இருக்கிறது, நறுக்கு அதே இடத்தில்.