சாய்ந்த மரத்தில் மிஷினை வைக்கும் முன்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எந்தத் தோப்புக்குப் போனாலும் பெட்ரோல் செயின்சா சத்தம்தான். லுங்கியும் செருப்புமாக நின்று மரம் அறுத்தவர்களைப் பார்க்கையில் எனக்கு வயிறு கலங்கியது.

மிஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். பிளேடு முனையின் மேல்பாதி எதிலாவது பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் மிஷின் எகிறி முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். முனையால் அறுக்கவே அறுக்காதீர்கள். இடது கை கட்டைவிரல் முன் கைப்பிடியை வளைத்துப் பிடித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் எகிறும்போது பிடி நழுவிவிடும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது இரண்டும் வேண்டாம்.

சாய்ந்த மரம் இன்னும் மோசம். இரண்டு முனையும் எதன்மேலாவது தாங்கி நடுவில் தொங்கும் தண்டில் மேல்பக்கம் அமுங்கியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்தே முழுதாக அறுத்தால் பிளேடு சிக்கிக்கொள்ளும். முதலில் மேலே மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் அடியிலிருந்து மேல்நோக்கி. அப்போது மிஷின் நம் பக்கமே தள்ளும், காலை நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஊற்றும் முன் இன்ஜினை அணைத்து ஆறவிடுங்கள். பூட்ஸ், ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு எல்லாவற்றையும் மிஷின் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள்.