பெயரோடு வரைந்தவர்

2011-இல் தில்லியில் வங்க ஓவியர் சித்தபிரசாத்தின் முழுக் கலைப்பயணத்தையும் காட்டிய கண்காட்சிக்குப் போனேன். 1943 வங்கப் பஞ்சச் சித்திரங்களை விட்டு நகரவே முடியவில்லை. மிட்னாப்பூர் கிராமங்களில் சுற்றித் திரிந்து வரைந்தவை. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனிக் கறுப்புக் கோடு. சில படங்களில் அந்த மனிதரின் பெயரையே எழுதிவைத்திருக்கிறார். பட்டினியில் கிடந்தவரை வெறும் எண்ணிக்கையாக விட அவருக்கு மனம் வரவில்லை. இவற்றைத் தாங்கி வந்த ‘பசித்த வங்கம்’ நூலின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. எத்தனை பயந்திருக்க வேண்டும்!

பின்னர் பம்பாயில் குடியேறி, உழைக்கும் சிறுவர்களை லினோகட் அச்சுகளாக்கினார். லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளில் செதுக்கி, மை பூசி அச்சிடும் முறை இது. செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. நடுவே சாம்பல் நிறமே கிடையாது. கிட்டே போனால் உளி இழுத்த தடம் தெரிகிறது. ஒரே பலகையிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். எளியவர் வீட்டுச் சுவருக்கும் கலை போய்ச்சேர இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.