ஒள்ளுப்பம் இடம்

1995இல் நான் ஏ/எல் (உயர்தரம்) முதலாம் வருடம். கணித சேரின் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று நான் சொல்லத் தேவையுமில்லை. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நூலகத்தின் பின் அறையில் இருந்து, கிழிந்த இடாப்புகளையும் புத்தகங்களையும் தைத்து மட்டை கட்டுவார். புதுப் புத்தகம் வந்து சேருவதே பெரும்பாடாக இருந்த நாட்கள். கூடமாட நிற்க மூன்று பேரைப் பிடித்து வைத்திருந்தார். அதில் நான் ஒருவன். எப்படிப் பிடிபட்டேன் என்பது வேறு கதை, அது இந்த மலருக்கு வேண்டாம்.

முன் மட்டை, பின் மட்டை, நடுவில் முதுகுக்கு ஒடுக்கமாக ஒரு துண்டு. மூன்றையும் ஒரே துணியில் ஒட்ட வேண்டும். முதல் தடவை நான் மூன்றையும் நெருக்கி ஒட்டினேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. காய்ந்த பிறகு மூடப் பார்த்தால் மட்டை மூடவில்லை. அழுத்தினேன், துணி பிய்ந்தது. சேர் கோபிக்கவில்லை. "துணிக்கு ஒள்ளுப்பம் இடம் விடு மனே, இல்லாட்டி மட்டை எங்க கா மடியும்?" என்றார். ஒள்ளுப்பம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கொஞ்சம்.

மட்டை வேலை இல்லாத நாட்களில் கடதாசி மடிக்க வைப்பார். பழைய பரீட்சைகளுக்கு றோணியோ இயந்திரத்தில் பிரதி எடுத்த தாள்கள், சில வேளை வாழைச்சேனைக் கடதாசி என்று நாங்கள் சொல்லும் அந்தச் சொரசொரப்பான மங்கல் தாள். அது நெடுக்கே ஒரு மாதிரி மடியும், குறுக்கே வேறு மாதிரி வெடிக்கும். அதற்காக மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால், அடிமட்டத்தை அணைத்து முதலில் கீறிவிடச் சொல்வார். கீறிய தாள் சொன்ன இடத்தில் மடியும்.

ஒரு நாள், "எப்படி வேண்டுமானாலும் மடியுங்கள். ஆனால் கோடுகள் தாளின் நடுவில் ஒரு புள்ளியில் கூட வேண்டும், கடைசியில் தட்டையாக வர வேண்டும்" என்றார். விரித்தோம். பாகைமானியை வைத்து ஒன்றுவிட்டு ஒரு கோணத்தைக் கூட்டச் சொன்னார். எனக்கு 180. பக்கத்தில் இருந்தவனுக்கும் 180. மறுகா மேலே எழும்பும் மேட்டு மடிப்பையும் கீழே இறங்கும் பள்ள மடிப்பையும் எண்ணச் சொன்னார். எல்லோருக்கும் வித்தியாசம் இரண்டு. முதலாவது கவசாக்கியின் தேற்றம், இரண்டாவது மயேக்காவாவின் தேற்றம் என்று பல வருடம் கழித்து வெளிநாட்டில் ஒரு விரிவுரை மண்டபத்தில் கேட்டபோது, என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

இன்னொன்றும் காட்டினார். தாளை விசிறி போல மடித்து, அந்தக் கட்டைச் சில பாகை சாய்த்துச் சாய்த்து வளைந்து வளைந்து மடிப்பது. விரித்தால் முழுக்க இணைகரங்கள். எதிர் மூலைகள் இரண்டைப் பிடித்து இழுத்தால் தாள் முழுவதும் ஒரே வீச்சில் விரியும், தள்ளினால் ஒரே வீச்சில் சுருங்கும். அதை ஒரு நாள் பையில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது, சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் வெளியே எடுத்து "இது என்ன?" என்றான். இழுத்துக் காட்டினேன். வாங்கி அவனும் இழுத்தான், சுருக்கினான், திரும்ப இழுத்தான். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

அது மியூரா மடிப்பு. ஜப்பானிய விண்வெளிப் பொறியியலாளர் கோரியோ மியூரா 1970இல் முன்வைத்தது. நாங்கள் றோணியோ தாளை மடித்துக்கொண்டிருந்த அதே 1995இல்தான், அந்த மடிப்பில் விரியும் ஒரு தகட்டைப் பரிசோதிக்க ஜப்பான் ஒரு செய்மதியில் வைத்து அனுப்பியது. அடுத்த ஜனவரியில் எண்டெவர் விண்ணோடம் போய் அந்தச் செய்மதியைத் திருப்பிக் கொண்டுவந்தது.

ராக்கெட்டின் தலைக்குள் இடம் குறைவு, விண்ணில் வேண்டியதோ பெரிய பரப்பு. பின்னாளில் அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுகூடமும் சேர்ந்து, 2.7 மீற்றருக்குள் சுருண்டு 25 மீற்றர் வரை விரியக்கூடிய ஒரு சூரியத் தகட்டை வடிவமைத்து, சிறிய மாதிரி செய்து காட்டின. அதுவும் முதலில் கடதாசியில் மடித்துப் பார்த்ததுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எங்கள் கனவு அதைவிடச் சின்னது. பத்து சென்ரிமீற்றர் பெட்டி அளவுச் செய்மதிக்குள் அடங்கி, வெளியே போய் விரியும் ஒரு தகடு. கடதாசியில் அருமையாக வந்தது. 3 மில்லிமீற்றர் மட்டையில் 36 துண்டு வெட்டி, ஒட்டுநாடாவால் மூட்டி, மேலாளர்கள் முன்னால் மூலையைப் பிடித்து இழுத்தேன். பாதியில் இறுகி நின்றது. இன்னும் இழுத்தேன், நாடா பறந்தது. ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

கடதாசி சொல்லும் பொய் அதுதான்: தனக்குத் தடிப்பே இல்லை என்பது. மியூரா மடிப்பில் நான்கு கோடுகள் கூடும் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று மேடு, ஒரு பள்ளம், அல்லது மறுதலை. மெல்லிய தாளில் நான்கும் ஒரே புள்ளியில் கூடும். தடித்த மட்டையிலோ மூன்று மூட்டு ஒரு முகத்தில், நான்காவது மறு முகத்தில். நான்கு அச்சும் ஒரே புள்ளியில் கூடுவதே இல்லை. பிறகு எப்படி அசையும்?

அன்றிரவு அறையில் பிய்ந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது ஆய்வுக் கட்டுரை எதுவும் இல்லை, பிய்ந்த இடாப்புத் துணிதான். அடுத்த நாள் எல்லாத் துண்டுகளையும் ஒரே துணியில் ஒட்டினேன். துணிப் பக்கம் உள்ளே போகும் மடிப்பில் துண்டுகளை நெருக்கி வைக்கலாம். மட்டைப் பக்கம் உள்ளே போகும் மடிப்பில் குறைந்தது தடிப்பின் இரண்டு மடங்கு, அதாவது 6 மில்லிமீற்றர் விட வேண்டும். அடுக்கு கூடக் கூட இன்னும் விட வேண்டும். மடிந்தது. சரி, ஆனால் விரித்த பிறகு தொய்ந்தது. தச்சர் அளவுநாடாவைப் போலக் குறுக்கே வளைந்த உருக்கு நாடாக்களை ஓரத்தில் வைத்து நிமிர்த்தி எடுக்க இன்னும் எட்டு மாதம் போனது. துணி மூட்டு எங்களுக்கு முன்பே பலர் செய்து பார்த்ததுதான் என்பதும் அந்த எட்டு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. பரவாயில்லை.

போன முறை ஊருக்குப் போனபோது அந்த மாதிரி ஒன்றை சேரிடம் கொண்டுபோனேன். மூலையைப் பிடித்து விரித்தார், சுருக்கினார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "பசை கூடிப்போச்சு" என்றார். பிறகு தேத்தண்ணீர் வந்தது. பின்னேரத்துக்குள் அவருடைய பேத்தி அதை இழுத்து இழுத்து விளையாடிக் கிழித்துவிட்டாள். எடுத்துப் பார்த்தேன். நான்கு மடிப்பும் கூடும் இடங்களில்தான் துணி விட்டிருந்தது. இப்போது அந்த இடங்களிலெல்லாம் முதலிலேயே சின்ன வட்டமாகத் துளை வெட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறோம்.