ஃபெஸ்: வாசல் வரை நடந்து பார்த்த நகரம்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போனேன் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் கேட்பது, பழைய நகரத்துக்குள் வழிகாட்டி இல்லாமல் நடக்க முடியுமா என்பதுதான். முடியும். கைபேசி வரைபடம் அந்தச் சந்துகளுக்குள் அடிக்கடி திணறும், ஆனாலும் இறக்கத்திலேயே போனால் ஆற்றுப் பக்கம் வந்து சேர்வீர்கள், ஏற்றத்திலேயே போனால் ஏதாவது ஒரு மதில் வாசல் வரும். வழி கேட்டால் கடைக்காரர்கள் சொல்வார்கள். நான் வழிகாட்டி வைத்துக்கொள்ளச் சொல்வது வேறு காரணத்துக்காக. மொராக்கோவில் பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது, காசாபிளாங்காவில் இருக்கும் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் போல ஒரு சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். ஃபெஸ்ஸின் பெருமைக்குரிய கட்டடங்களில் பல பள்ளிவாசல்கள். என்னைப் போன்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். அந்த வாசலுக்கு அப்புறம் என்ன இருக்கிறது, யார் கட்டினார்கள், இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு இரண்டு ஆள் கிடைத்தார்கள். ஒருவர் அரசு அனுமதி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த வழிகாட்டி, ஃபெஸ்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்னொருவர் என்னோடு ஊரிலிருந்து வந்த காயல்பட்டினத்து நண்பர். என்னைவிட மூத்தவர், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் வாசலோடு நிற்கிற இடங்களில் அவர் உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து பார்த்ததைச் சொன்னார். இந்தப் பயணம் எனக்கு இவ்வளவு நிறைவாக இருந்ததற்கு அது பெரிய காரணம்.

காலையில் பாப் பூஜலூத் வாசலில் நடை தொடங்கியது. எல்லாப் படங்களிலும் வரும் அந்த நீல ஓட்டு வாசல் பழையது என்றே பலரும் நினைக்கிறார்கள். 1912 மார்ச்சில் இதே ஊரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் மொராக்கோ பிரான்சின் பாதுகாப்பு நாடானது, மறு வருடம் பிரெஞ்சு நிர்வாகம் கட்டிய வாசல் இது. வெளிப்புறம் நீலம், நகரத்தைப் பார்த்த பக்கம் பச்சை. அந்தக் காலத்து பிரெஞ்சு ஆளுநர் லியோதே பழைய நகரங்களை இடித்து அகலப்படுத்தாமல் விட்டுவிட்டு, தள்ளி ஒரு புது நகரத்தைக் கட்டினார். அதில் ஆளுகிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் தனித்தனி ஊர் என்ற கணக்கும் இருந்தது. அதை மறக்கக் கூடாது. ஆனால் அதனால்தான் 1981ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இந்த மெதினா, அதாவது பழைய நகரம், ஏறக்குறைய முழுசாக இருந்தது.

உள்ளே மோட்டார் வாகனம் கிடையாது. காஸ் சிலிண்டர், சிமென்ட் மூட்டை, குளிர்பானப் பெட்டி, தோல் கட்டு எல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும்தான் போகின்றன. பின்னாலிருந்து "பாலாக், பாலாக்" என்று ஓட்டுகிறவர் குரல் கொடுத்தால் உடனே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும், சுமை உங்கள் தோளை உரசிக்கொண்டுதான் போகும்.

தலா கபீரா என்பது மேலிருந்து கீழே கராவியின் பள்ளிவாசல் வரை இறங்கும் பெரிய தெரு. பெரியது என்றாலும் பல இடங்களில் நான்கு பேர் சேர்ந்து நடக்க முடியாது. வாசலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே பூ இனானியா மதரசா வந்துவிடும். என்னைக் கேட்டால், ஃபெஸ்ஸில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். அப்போது மொராக்கோவை ஆண்ட மரீனிய வம்சத்து சுல்தான் அபூ இனான் ஃபாரிஸ் 1350ல் தொடங்கி 1355ல் முடித்தது. முற்றத்தில் நின்று சுவரைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்: இடுப்பு உயரத்துக்கும் மேலே வரை கையால் கொத்தி எடுத்த சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகளால் ஆன செல்லிஜ், அதற்கு மேலே சுதையில் செதுக்கிய கொடியும் எழுத்தும், எல்லாவற்றுக்கும் மேலே அட்லஸ் மலைத் தேவதாருவில் செதுக்கிய மரவேலை. இந்த மூன்றும் இதே வரிசையில் நகரம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், வழிகாட்டி இங்கேயே நிதானமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டதால் அப்புறம் பார்த்த ஒவ்வொரு கட்டடத்தையும் எனக்குப் படிக்கத் தெரிந்தது.

முற்றத்துக்கும் தொழுகைக் கூடத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் எல்லை. காக்கா அதைத் தாண்டிப் போய் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வந்தார், நான் இந்தப் பக்கம் நின்று தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டி முடித்ததும் கணக்கர் செலவுப் புத்தகத்தைக் கொண்டுவர, அழகுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று சுல்தான் அதை ஆற்றில் எறிந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதைதான். எனக்கு அந்த சுல்தான் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேறு. உலகம் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய இப்னு பதூதாவிடம், பார்த்ததையெல்லாம் சொல்லி எழுத வையுங்கள் என்று ஆணையிட்டவர் இதே அபூ இனான். தாஞ்சியரில் பிறந்து 1325ல் கிளம்பிய அந்த மனிதர் சொல்லச் சொல்ல, கிரானடாவிலிருந்து வந்த இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் இந்த ஃபெஸ் நகரத்தில்தான் எழுதினார். முடிந்த வருடம் 1355. மதரசாவும் நூலும் ஒரே வருடத்தில்!

வழிகாட்டி இவ்வளவு சொல்லி நிறுத்தினார். காக்கா விடவில்லை. "நம்ம மதுரை அதுல வருதுல்ல, சொல்லுங்க இவருகிட்ட" என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். இப்னு பதூதா இலங்கையில் இறங்கி, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் அனுப்பிய ஆட்களோடு சிவனொளிபாத மலை ஏறினார். அங்கிருந்து கிளம்பிய கப்பல் தமிழகக் கரைக்குப் பக்கத்தில் சேதமாக, தப்பித்துக் கரையேறி, மதுரையை அப்போது ஆண்டுகொண்டிருந்த சுல்தான் கியாசுத்தீனிடம் போய்ச் சேர்ந்தார். இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள், அதாவது சகலைகள். சகலை என்பதற்காக அவர் எதையும் மறைக்கவில்லை, பிடிபட்ட எதிரிகளைக் கழுவேற்றி அவர்கள் குடும்பத்தையும் கொன்ற கொடுமையைப் பார்த்து மனம் பொறுக்காமல் எழுத வைத்திருக்கிறார், மதுரையில் கொள்ளைநோய் மக்களைக் கொன்று குவித்ததையும் சொல்லியிருக்கிறார். மதுரை சுல்தான்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நேரடி சாட்சியங்களில் முக்கியமானது அது. வைகைக்கரையில் ஒருவர் கண்ணால் பார்த்தது இந்த ஊரில் காகிதத்தில் ஏறியது. வழிகாட்டி இரண்டு மூன்று முறை திருப்பிக் கேட்டு, மதுரை என்ற பெயரைத் தன் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அபூ இனான் பாவம், 1358ல் அவருடைய அமைச்சராலேயே கொல்லப்பட்டார்.

மதரசாவுக்கு எதிரே தெருவிலேயே அவர் காலத்து நீர்க்கடிகாரம் இருக்கிறது, 1357ல் வைத்தது. மேலே வரிசையாகச் சிறு ஜன்னல்கள். மணிக்கு ஒரு ஜன்னல் திறந்து உலோகக் குண்டு கீழே பித்தளைக் கிண்ணத்தில் விழுமாம். உள்ளே எப்படி இயங்கியது என்பது இன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. அண்ணாந்து பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இறங்கும் வழியில் வழிகாட்டி ஒரு பொதுஅடுப்புக்குள் கூட்டிப் போனார். வீட்டில் பிசைந்து தட்டிய ரொட்டியைப் பலகையில் வைத்துத் துணி மூடி அனுப்புகிறார்கள், சுட்டு வாங்கிப் போகிறார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்பது அடுப்புக்காரருக்குப் பார்த்தாலே தெரியும். பழைய ஃபெஸ்ஸில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு பள்ளிவாசல், ஒரு ஓதும் பள்ளி, ஒரு தண்ணீர்ப் பந்தல், ஒரு குளியல் கூடம், ஒரு அடுப்பு என்று ஐந்து இருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு நானே எண்ண ஆரம்பித்துவிட்டேன். பொதுக் குழாய்கள்கூட அங்கே செல்லிஜ் பதித்து அவ்வளவு அழகாக இருக்கின்றன, நெஜ்ஜாரீன் சதுக்கத்தில் இருப்பதைப் பாருங்கள், அதற்குப் பக்கத்திலேயே 18ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரம் ஒன்று மர அருங்காட்சியகமாக இருக்கிறது. மொட்டை மாடியில் புதினா தேநீர் கிடைக்கும், கால் ஓய்வுக்கு நல்ல இடம்.

நகரத்தை நிறுவியவர்களில் ஒருவரான இரண்டாம் மௌலாய் இத்ரீஸ் அடக்கமாகியிருக்கும் இடத்தை நெருங்கும்போது சந்துக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை இருக்கும், குனிந்துதான் போக வேண்டும். கழுதைகள் அதோடு நின்றுவிடும். ஒரு காலத்தில் யூதரும் கிறிஸ்தவரும் அதைத் தாண்டக் கூடாது, தாண்டி உள்ளே அடைக்கலம் புகுந்தவரை யாரும் பிடிக்கவும் கூடாது. இன்றைக்கு நாமெல்லாம் அதைத் தாண்டி அடக்கத்தலத்தின் வாசல் வரை போகலாம். வெளிச்சுவரில் செம்புத் தகடு பதித்த ஒரு துளை இருக்கிறது, போகிற பெண்கள் அதில் கைவைத்து ஒரு கணம் நின்று வேண்டிக்கொண்டு போகிறார்கள். சுற்றிலும் மெழுகுவர்த்தியும் நூகட் மிட்டாயும் விற்கும் கடைகள். காக்கா உள்ளே ஜியாரத் முடித்து வந்து, "நாகூருக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

அடுத்து கராவியின். 859ல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்ற பெண், துனீசியாவின் கைரவானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர், தந்தை விட்டுச்சென்ற சொத்தைக்கொண்டு கட்டினார் என்றும், அவருடைய சகோதரி மரியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அந்தலூசிய பள்ளிவாசலைக் கட்டினார் என்றும் சொல்வார்கள். இது 14ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல் ஒன்றிலிருந்து வரும் செய்தி என்பதால் ஆய்வாளர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கு அதில் ஐயமே இல்லை. உலகத்தில் இன்றும் இயங்கும் கல்வி நிலையங்களில் மிகப் பழையது இது என்று பலரும் குறிப்பிடுகிறார்கள், சரி, பல்கலைக்கழகம் என்ற சொல் அந்தக் காலத்துக்குப் பொருந்துமா என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும், ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஒரே இடத்தில் பாடம் நடந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இவ்வளவு பெரிய பள்ளிவாசலை வெளியிலிருந்து முழுசாகப் பார்க்க முடியாது. கடைகளும் வீடுகளும் நாலு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏகப்பட்ட வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு துண்டு தெரியும்: ஒன்றில் வெள்ளை வளைவுகள், ஒன்றில் முற்றத்து நீரூற்று, ஒன்றில் பாய். வழிகாட்டி என்னை வாசல் வாசலாகக் கூட்டிப்போய் நிறுத்தி, இந்தத் துண்டு முராபித்து வம்சத்தார் 12ஆம் நூற்றாண்டில் பெரிதாக்கியது, அந்த வெள்ளை மினாரா 10ஆம் நூற்றாண்டு என்று சேர்த்துச் சேர்த்துச் சொல்ல, என் மனசுக்குள் முழுக் கட்டடமும் உருவாயிற்று. லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் காக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. தூண்கள் வெள்ளைவெளேரென்று, உயரம் குறைவாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன, ஓடும் தண்ணீரில் ஒளு செய்தேன், பக்கத்தில் நின்றவர்கள் மாலிகி முறையில் கையைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுதார்கள், நான் எங்கள் ஷாஃபி முறைப்படி கட்டிக்கொண்டேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெரியவர் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டு இந்தியா என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார் என்றார்.

பின்பக்கம் செஃபாரீன் சதுக்கம். செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்களின் சத்தத்தில் பேச முடியாது. கராவியின் நூலகத்தின் வாசல் இங்கேதான் இருக்கிறது. இதே நகரத்தில் பிறந்த அஜீஜா ஷவூனி என்ற கட்டடக் கலைஞர் 2012 முதல் அதைப் புதுப்பிக்கும் வேலையை ஏற்று நடத்தினார். 14ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் தன் வரலாற்று நூலின் பிரதியை இந்த நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். கதவு மூடியிருந்தது. இதையெல்லாம் சொல்லும்போது வழிகாட்டி குரலில் இருந்த பெருமிதத்தைக் கேட்க வேண்டும்.

தோல் தொட்டிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஷுவாரா தொட்டிகளைச் சுற்றியுள்ள தோல் கடைகளின் மாடியிலிருந்துதான் பார்க்க முடியும், மூக்கில் வைத்துக்கொள்ள ஒரு கொத்துப் புதினா தருவார்கள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும், முடி உதிரவும் தோல் மென்மையாகவும். மற்றவை சாயம். வேலை செய்கிறவர்கள் அதில் தொடை வரை இறங்கி நாள் முழுக்கக் காலால் மிதிக்கிறார்கள். மேலே நின்று எல்லோரும் வண்ணத்தைப் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ஆனால் அந்த மனிதர்களின் காலையும் முதுகையும் பார்க்காமல் வண்ணத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவது நியாயமில்லை. கடையில் ஏதாவது வாங்கினால் நல்லது, வாங்காவிட்டால் மாடிக்காக ஒரு சிறு தொகை கொடுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. அட்டை உள்ள வழிகாட்டியை விடுதி மூலம் பேசிக்கொள்ளுங்கள், கூலியையும் நேரத்தையும் முன்னாலேயே முடிவு செய்யுங்கள், கடைகளுக்கு வரமாட்டோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு குடும்பத்தை அவர்கள் வழிகாட்டி கம்பளக் கடையில் உட்காரவைத்துப் பாதி நேரத்தைக் கரைத்துவிட்டார். அரை நாள் போதும், முழு நாள் என்றால் காலும் கவனமும் தாங்காது. பூஜலூத்தில் தொடங்கி இறக்கத்திலேயே நடந்து ரசீஃப் வாசலில் முடித்தால் அங்கே சிவப்பு டாக்சி கிடைக்கும், ஏற வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பல கடைகள் சாத்தியிருக்கும், பட்டறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அரை நாள் இருந்தால் யூதர் பேட்டையான மெல்லாவுக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரியமின் பள்ளிவாசலுக்கும் ஒதுக்குங்கள். 818ல் ஸ்பெயினின் கொர்தோபாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குடியேறிய கரை அது, சுற்றுலாக் கூட்டம் அவ்வளவாக இல்லை, அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் இடிக்க மாட்டார்கள்.