நிக்கோல்ஸ்கி சைன்: கட்டைவிரலை வைக்கும் முன்

எம்.டி. தோல் மருத்துவம் பிராக்டிகலில் எனக்கு விழுந்த லாங் கேஸ், அதாவது விரிவாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டிய நோயாளி, பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய். வாயெல்லாம் புண், முதுகு முழுக்க உடைந்த கொப்புளம். பார்த்ததுமே உள்ளுக்குள் குஷி. அதுதான் என்னை மாட்டிவிட்டது.

"நிக்கோல்ஸ்கி காட்டுங்க" என்றார் எக்ஸ்டர்னல், வெளியிலிருந்து வந்த தேர்வாளர். தோலைத் தள்ளினால் உரிகிறதா என்று பார்ப்பதுதான் நிக்கோல்ஸ்கி சைன். புண்ணின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினேன். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த அம்மா 'ஸ்ஸ்' என்று முதுகை இழுத்துக்கொண்டார்.

"பாசிட்டிவ் சார்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா? சரி, இது எந்த நிக்கோல்ஸ்கி?"

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

புண்ணை ஒட்டிய தோல் உரிந்தால் மார்ஜினல். புண்ணிலிருந்து விலகி, பார்க்க நன்றாக இருக்கும் தோல் உரிந்தால் டைரக்ட். நோய் தீவிரமாக இருக்கும்போதுதான் டைரக்ட் கிடைக்கும். அடியில் எலும்பு இருக்கும் இடமாகப் பாருங்கள். கீழே அமுக்கக் கூடாது, பக்கவாட்டில் அழுத்தித் தள்ள வேண்டும். நகம் படக் கூடாது. உரிந்த இடம் ஈரமாக மினுங்குகிறதா, காய்ந்திருக்கிறதா என்றும் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் அடியில் புதுத்தோல் வளரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

1896-இல் ரஷ்ய மருத்துவர் பியோத்தர் நிக்கோல்ஸ்கி இதை விவரித்தது பெம்பிகஸ் ஃபோலியேசியஸ் என்ற இன்னொரு வகையில். வைவாவில் இதைக் கேட்பார்கள், ஆனால் மார்க் இருப்பது 'ஏன்' என்பதில். பெம்பிகஸில் செல்களைப் பிணைக்கும் டெஸ்மோக்ளீன் புரதத்தை ஆன்டிபாடி தாக்குவதால் மேல்தோலுக்குள்ளேயே பிளவு. புல்லஸ் பெம்பிகாய்டு என்ற வேறொரு கொப்புள நோயில் பிளவு மேல்தோலுக்கு அடியில்; கொப்புளம் விண்ணென்று நிற்கும், நிக்கோல்ஸ்கி பெரும்பாலும் நெகட்டிவ். டென் (TEN, பெரும்பாலும் மருந்தால் வரும் கடுமையான தோல் நோய்) கேஸில் செல்களே செத்து உரிவதால் அதைப் போலி நிக்கோல்ஸ்கி என்று சொல்லுங்கள். அது சிவந்த இடத்தில் மட்டும்தான் வரும்.

முழுக் கொப்புளம் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். ஓரத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளுங்கள். பரவும் விளிம்பு கோணலாக இருந்தால் பெம்பிகஸ், வளைவாக இருந்தால் பெம்பிகாய்டு பக்கம் யோசிக்கலாம்.

அன்று காலை எனக்கு முன்பே இரண்டு பேர் அந்த அம்மாவின் முதுகைத் தள்ளிப் பார்த்திருந்தார்களாம். நர்ஸ் அக்கா பிறகுதான் சொன்னார். கேஸ் ஷீட்டில் பாசிட்டிவ் என்று ஏற்கெனவே இருந்தால், "வலிக்கும் சார், திரும்பச் செய்யவில்லை, செய்முறையைச் சொல்கிறேன்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அடுத்த வருடம் என் ஜூனியர் அப்படித்தான் சொன்னாள். எக்ஸ்டர்னல் தலையாட்டிவிட்டு நேரே சான்க் ஸ்மியருக்கு, அதாவது புண்ணின் செல்களைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்டுக்கு, போய்விட்டார்.