ஈச்சனாரி வரை

ஜனவரி 11, 2026, ஞாயிறு

ரேஸ்கோர்ஸில் சுற்றி முடித்து டீ குடிக்கும்போது முடிவானது. 25ஆம் தேதி விடிகாலை எங்கள் சைக்கிள் குழு பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி வரை போகிறது. கோவையில் சாலைப் பாதுகாப்புக்காகவே இயங்கும் ‘உயிர்’ அமைப்பைப் பற்றி நாலு பேரிடம் சொல்ல வேண்டும். அப்படியே பழனிக்கு நடந்து போகிறவர்களின் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். பிப்ரவரி 1 தைப்பூசம். அதற்கு முந்தின வாரமெல்லாம் இருட்டில் ரோட்டோரம் ஆள் நடமாட்டம் ஓயாது.

போன வருஷம் இதே ரோட்டில்தான் எங்கள் கூட்டாளியைப் பின்னால் வந்த வேன் ஒன்று தட்டிவிட்டுப் போனது. அவர் சைக்கிளின் பின்விளக்கில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஒன்றரை மாதம் படுக்கை. இந்தத் தடவை அவரும் வருகிறார்.

ஜனவரி 18, ஞாயிறு

ஸ்டிக்கர் வெட்டியே கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. தூசிப் பையில் இது ஒட்டாது. துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு அழுத்தினால்தான் நிற்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

நாலரைக்குக் கிளம்பினோம். நல்ல குளிர். உக்கடம், ஆத்துப்பாலம், சுந்தராபுரம் தாண்டியதும் பச்சை வேட்டிகள் தென்பட்டன. “சாமி, ஒரு நிமிஷம்” என்று நிறுத்தி ஒட்ட ஆரம்பித்தோம்.

பச்சைச் சேலையில் ஒரு பாட்டி. ஒட்டி முடித்ததும் சிரித்தார். “கண்ணு, குளுருக்குத் துப்பட்டியப் போத்திக்கிட்டா பை எங்க தெரியப்போகுது? கால்ல கட்டி உடு.” எங்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை. என் துண்டைக் கிழித்து, ஸ்டிக்கரை அதில் ஒட்டி, இரண்டு கணுக்காலிலும் கட்டிவிட்டேன். எதிரே ஒரு லாரி வந்தது. வெளிச்சம் பட்டதும் அவர் கால்கள் மாறி மாறி மின்னின. பையில் ஒட்டியது ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இதைப் பார்த்தால் யாரோ நடக்கிறார்கள் என்று எட்டத்திலேயே புரிந்துவிடும்.

ஈச்சனாரி டீக்கடையில் ஒருவர், “அடிபட்டவரத் தூக்கினா நம்மளயே கேஸுக்கு இழுப்பாங்களே?” என்று கேட்டார். கூட்டாளியே பதில் சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது: நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. பணத்துக்கும் பயப்பட வேண்டாம், ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “அன்னிக்கு எனக்காக 108-க்குப் போன் பண்ணினது யாருன்னு இன்னும் எனக்குத் தெரியாதுங்க” என்றார். டீக்கடைக்காரர் அவரிடம் காசு வாங்கவில்லை.

ஜனவரி 28, புதன்

டெய்லர் கடையில் எலாஸ்டிக் பட்டையில் ஸ்டிக்கர் துணி வைத்துத் தைக்கிறோம். இதுவரை 140 ஜோடி ஆகியிருக்கிறது. நாளை ராத்திரி மறுபடியும் கிளம்புகிறோம். கூட்டாளி போன் செய்தார்: “நமக்கும் காலுக்கு ஒவ்வொரு ஜோடி எடுத்து வை.”