பூகம்பம் போட்டுக்கொடுத்த மைதானம்

நியூசிலாந்தின் வெலிங்டன் நகருக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம் அலுவலகத் தரை குலுங்கியது. ஜன்னல்கள் கடகடவென்று அடித்தன. நாகப்பட்டினத்துக்காரன் நான், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் டீக் கோப்பையைக் கையிலேயே பிடித்தபடி, "நாலு புள்ளி மூணு இருக்கும்" என்றார்.

நியூசிலாந்து இரண்டு புவித்தட்டுகள் மோதும் இடத்தில் இருக்கிறது. வடக்குத் தீவுக்குக் கிழக்கே பசிபிக் தட்டு ஆஸ்திரேலியத் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. தெற்குத் தீவில் இரண்டும் உரசிக்கொண்டு நகர்கின்றன. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனால் பாறைகள் கவ்விக்கொண்டு நிற்கும். இறுக்கம் ஏறி ஏறி, ஒரு நாள் சட்டென்று விட்டுவிடும். அதுதான் பூகம்பம்.

இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். 1991-ல் இலங்கைக்கு எதிராக நியூசிலாந்து கிரிக்கெட் வீரர் மார்ட்டின் க்ரோவ் 299-ல் அவுட்டானாரே, அந்த பேசின் ரிசர்வ் மைதானம் முன்பு ஏரி. கால்வாய் வெட்டிக் கப்பல்களை உள்ளே கொண்டுவரத் திட்டம் போட்டிருந்தார்கள். 1855 ஜனவரி 23 இரவு வைரராப்பா என்ற நிலப்பிளவு நழுவி 8.2 அளவில் பூமி ஆடியதில், துறைமுகப் பக்கம் நிலம் சுமார் ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிட்டது. ஏரி சேறானது. கைதிகளை வைத்துச் சமப்படுத்தி, 1868-ல் ஆட்டமே ஆடிவிட்டார்கள்! கால்வாய்க்கு ஒதுக்கிய இடம் கென்ட் டெரஸுக்கும் கேம்பிரிட்ஜ் டெரஸுக்கும் நடுவே புல்லும் மரமுமாக இன்றும் கிடக்கிறது. அதை ஒட்டி நடந்து போய் மைதானத்துப் புல்மேட்டில் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

அம்மாவிடம் போனில் இதையெல்லாம் விவரித்தேன். "சரிப்பா, தண்ணி பிடிச்சு வெச்சிருக்கியா?" என்றாள். இந்த ஊரிலும் அதையேதான் சொல்கிறார்கள்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர், ஏழு நாளைக்கு.

குலுக்கம் இப்போது பழகிவிட்டது. பழகாதது ஐலண்ட் பே என்ற கடலோரப் பகுதியின் தெருக்களில் சுனாமிக்காகக் குறுக்கே போட்டிருக்கும் நீலக் கோடு. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆடினாலோ, நிற்க முடியாதபடி ஆடினாலோ, சைரனுக்குக் காத்திராமல் அந்தக் கோட்டைத் தாண்டி மேட்டுக்குப் போய்விட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

நாகையில் எங்கள் தெருப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில்தான் கிரிக்கெட் ஆடுவார்கள். 2004 டிசம்பர் 26-ம் ஞாயிறுதான். சுமத்ராவுக்குப் பக்கத்தில் இந்தியத் தட்டு இறங்கும் இடத்தில் 9.1 அளவில் பூகம்பம் வெடித்தது. அலை நாகைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும், கரையில் இருந்தவர்களிடம் ஓடச் சொல்ல யாருமில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்தான்.